ஓடுகிற பிள்ளைக்கு முழங்கால் வலி: ஓட்டத்தை விடவும் வேண்டாம், வலியை மறைக்கவும் வேண்டாம்

கேள்வி: 'என் மகனுக்கு 21 வயது. காவலர் தேர்வுக்காகக் காலையில் கடற்கரை மணலிலும், சாயங்காலம் ரோட்டிலும் ஓடுகிறான். ஒரு மாதமாக வலது முழங்கால் சில்லைச் சுற்றி வலி. படி இறங்கினால் அதிகமாகிறது. எண்ணெய் தேய்த்துவிட்டோம். மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். மாத்திரை போட்டால் ஓடுகிறான், மறுநாள் நொண்டுகிறான். கூட ஓடுகிற பையன்கள், ஊசி போட்டுக்கொண்டு ஓடலாம் என்கிறார்கள். அவன் அப்பா, ஜவ்வு தேய்ந்துவிடும், ஓட்டமே வேண்டாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?'
- வாசகி, பெரியதாழை, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: இருவர் சொல்வதையும் அப்படியே கேட்க வேண்டியதில்லை. கடிதத்தில் உள்ள அறிகுறிகளைப் பார்த்தால் இது ஓடுபவர்களுக்கு வரும் முழங்கால் வலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆங்கிலத்தில் இதை 'ரன்னர்ஸ் நீ' என்பார்கள். ஒரு முறை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ள வேண்டும். உறுதியானால், ஓட்டத்தைச் சில வாரம் குறைத்து, தொடைக்கும் இடுப்புக்கும் வலுவூட்டி, படிப்படியாகத் திரும்ப ஓடலாம். இதற்கு 10 முதல் 12 வாரம் பிடிக்கும். செலவு அதிகம் ஆகாது. பொறுமைதான் வேண்டும்.

வலி எங்கிருந்து வருகிறது?

முழங்காலின் முன்பக்கம் அசைகிற சில்லு, தொடை எலும்பின் கீழ்முனையில் உள்ள பள்ளத்தில் மேலும் கீழுமாக நகர்கிறது. தொடைத் தசை கயிறு என்றால், இந்தச் சில்லு கிணற்றுக் கப்பி. தசை இழுக்கும்போதெல்லாம் சில்லு தொடை எலும்போடு அழுந்துகிறது. காலை மடக்க மடக்க அழுத்தம் கூடும்.

சமதரையில் நடக்கும்போது இந்த அழுத்தம் உடல் எடைக்கு உட்பட்டே இருக்கும். படி ஏறும்போது எடையைப் போல 3 மடங்கு. ஓடும்போது சுமார் 5 மடங்கு. முழுதாகக் குந்தி எழுந்தால் 7 மடங்குக்கு மேல். 60 கிலோ எடையுள்ள பையன் ஓடினால் ஒவ்வொரு அடியிலும் சில்லின் பின்னால் சுமார் 300 கிலோ அழுத்தம் விழுகிறது. 1,500 மீட்டர் ஓடி முடிப்பதற்குள் ஒரு கால் ஏறத்தாழ 600 முறை இதைத் தாங்குகிறது.

இளவயது முழங்கால் இதைத் தாங்கக் கூடியதுதான். ஆனால் பழக்க வேண்டும். இளங்காளையை நுகத்தில் கட்டிய முதல் நாளே பொழுது சாயும்வரை உழுதால் அதன் கழுத்து புண்ணாகும். அதற்காகக் காளை உழவுக்கு ஆகாது என்று யாரும் விற்றுவிடுவதில்லை. சில நாள் விட்டு, வெறும் நுகத்தில் நடத்தி, பிறகு அரை நேரம் உழவு என்று பழக்குகிறோம். முழங்காலுக்கும் அதே முறைதான்.

'ஜவ்வு தேய்ந்துவிட்டது', 'முட்டியில் எண்ணெய் வற்றிவிட்டது' என்று ஊரில் சொல்வது இந்த வலிக்குப் பொருந்தாது. இருபது வயதில் பெரும்பாலும் தேய்மானம் எதுவும் இருக்காது. எக்ஸ்ரே எடுத்தால் பலருக்கும் எல்லாம் சரியாகவே தெரியும். படத்தில் ஒன்றும் இல்லையே, நடிக்கிறான் என்று பையனைத் திட்டக் கூடாது. வலி உண்மைதான். தாங்கும் அளவுக்கு மேல் சுமை ஏறியதால் வந்த வலி அது.

இப்போது ஏன் வந்தது?

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் முதலில் எழுத்துத் தேர்வு. அதில் தேறியவர்களுக்குத்தான் உடல் தகுதித் தேர்வு. ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்திலும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடியிலும் ஓட வேண்டும். பல வீடுகளில் பிள்ளைகள் மாதக் கணக்கில் உட்கார்ந்து படிக்கிறார்கள். எழுத்துத் தேர்வு முடிவு வந்த மறுநாள்தான் ஓடத் தொடங்குகிறார்கள். ஓடாத கால், ஒரே வாரத்தில் காலையும் மாலையும் ஓடுகிறது. பெரும்பாலும் வலி இங்கேதான் தொடங்குகிறது.

இரண்டாவது காரணம் தரை. பெரியதாழை கடற்கரையிலும் அதை ஒட்டிய தேரிக் காட்டிலும் மணல் தளர்வாக இருக்கும். தளர்ந்த மணலில் ஓடக் கெட்டித் தரையைவிடச் சுமார் 1.6 மடங்கு சக்தி செலவாகும் என்று பெல்ஜியம் நாட்டு ஆய்வாளர்கள் 1998-இல் அளந்து சொன்னார்கள். மணல் மென்மையானது, முட்டிக்கு நல்லது என்று நினைக்கிறோம். அதிர்ச்சி குறைவது உண்மை. ஆனால் தசை சீக்கிரம் களைத்துவிடும். களைத்த தொடை சில்லை நேராக வைத்திருக்கத் திணறும். கடலோர மணல் அலைப் பக்கம் சரிந்தும் இருப்பதால் ஒரு கால் மேட்டிலும் மற்றது பள்ளத்திலும் விழுகிறது. காலையில் மணல், மாலையில் தார் ரோடு என்று மாறி மாறி ஓடும்போது இரண்டுக்குமே கால் பழகுவதில்லை.

மூன்றாவது காரணம், ஓட்டம் தவிர்த்த வேலை. விடியலில் கரையில் வள்ளம் தள்ளுவது, குந்தி உட்கார்ந்து களை எடுப்பது, குடம் தூக்கிப் படி ஏறுவது எல்லாமே அதே முட்டியின் கணக்கில்தான் சேரும். ஓட்டத்தை மட்டும் குறைத்துவிட்டு மற்றதெல்லாம் அப்படியே இருந்தால் வலி இறங்காது.

பெண் பிள்ளைகளுக்கு இந்த வலி ஆண்களைவிட அதிகமாக வருகிறது. மகள் சொன்னாலும் இதே கவனம் கொடுக்க வேண்டும்.

இதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஓடுபவரின் முழங்கால் வலிக்கு நான்கு அடையாளங்கள் உண்டு. வலி சில்லைச் சுற்றியோ சில்லுக்குப் பின்னாலோ இருக்கும். ஒரு விரலால் இடம் காட்டச் சொன்னால் பலரும் உள்ளங்கையால் முழுச் சில்லையும் மூடிக் காட்டுவார்கள். படி இறங்கும்போது கூடும். குந்தி எழும்போது வலிக்கும். பஸ்ஸிலோ வகுப்பிலோ காலை மடக்கி வெகுநேரம் உட்கார்ந்தால் வலிக்கும், நீட்டினால் குறையும்.

முட்டியின் வெளிப்பக்கம் மட்டும் சுரீரென்று வலித்தால் அது தொடையின் பக்கவாட்டுப் பட்டையால் வரும் வேறு வலி. விழுந்தோ காலைத் திருகியோ வந்த வலியும் வேறு.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியத்தோடு நிற்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்:

- முட்டி வீங்கியிருப்பது, தொட்டால் சூடாக இருப்பது, கூடவே காய்ச்சல்
- மடக்கிய கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொள்வது
- நடக்கும்போது முட்டி திடீரென்று நழுவிக் கீழே விடுவது
- காலை ஊன்றவே முடியாதது
- ஓய்வில் இருந்தாலும் இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி

சாத்தான்குளம், திருச்செந்தூர் அரசு மருத்துவமனைகளில் முதலில் காட்டலாம். தேவைப்பட்டால் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு மருத்துவப் பிரிவுக்கு அனுப்புவார்கள். பிசியோதெரபி எனப்படும் இயன்முறை சிகிச்சையாளரைப் பார்க்கவும் அங்கேயே கேட்க வேண்டும். இந்த வலிக்கு மருந்தைவிட அவர் சொல்லித்தரும் பயிற்சிக்கே பலன் அதிகம். எங்கே போவது என்று குழப்பம் இருந்தால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.

முதல் இரண்டு வாரம்

முழு ஓய்வு தேவையில்லை. படுத்துக் கிடந்தால் தொடைத் தசை மெலியும், திரும்ப ஓடும்போது வலி முன்னைவிட எளிதாக வரும். வேக ஓட்டத்தையும் மணல் ஓட்டத்தையும் மட்டும் நிறுத்த வேண்டும். சமதரையில் 20 முதல் 30 நிமிடம் நடக்கலாம். வலிக்காவிட்டால் சைக்கிள் மிதிக்கலாம். சீட்டைச் சற்று உயர்த்தி வைத்தால் முட்டி அதிகம் மடங்காது.

குந்தி உட்காரும் வேலைகளை இந்த இரண்டு வாரம் வீட்டில் வேறு ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். கோயிலில் முழந்தாளிடும்போது சில்லு நேராகத் தரையில் அழுந்தும். கொஞ்ச நாள் உட்கார்ந்தே ஜெபித்தால் போதும்.

வலி இருக்கும் நாளில் ஐஸ் வைக்கலாம். மீன் பெட்டிக்கு வாங்கும் ஐஸே போதும். பாலித்தீன் பையில் போட்டு, துண்டில் சுற்றி, 10 முதல் 15 நிமிடம் முட்டியில் வைக்க வேண்டும். ஐஸை நேராகத் தோலில் வைத்தால் தோல் புண்ணாகும். எண்ணெய் இதமாகத் தடவுவதில் தவறில்லை. ஆனால் சில்லை அழுத்தி நீவுவதும், இறுக்கிக் கட்டுப் போடுவதும் கூடாது. எண்ணெயும் ஐஸும் வலியை ஆற்றும், தசைக்கு வலு தராது.

வீட்டிலேயே செய்யும் பயிற்சிகள்

முழங்கால் வலி என்றாலும் தொடையோடு இடுப்பின் பக்கத் தசைக்கும் பயிற்சி தேவை. இடுப்புத் தசை தளர்ந்திருந்தால் காலை ஊன்றும்போதெல்லாம் முட்டி உள்பக்கமாகச் சாயும். சாய்ந்தால் சில்லு பள்ளத்தின் ஓரத்தில் உரசும். தொடைக்கு மட்டும் பயிற்சி செய்வதைவிட இரண்டுக்கும் சேர்த்துச் செய்தால் பலன் நன்றாக இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

1. கால் தூக்குதல்: மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி வைத்துக்கொண்டு, வலிக்கும் காலை நேராக நீட்டி ஒரு அடி உயரம் தூக்க வேண்டும். 5 எண்ணும்வரை நிறுத்தி மெதுவாக இறக்க வேண்டும்.

2. பக்கவாட்டில் தூக்குதல்: ஒருக்களித்துப் படுத்து மேலே இருக்கும் காலை நேராக உயர்த்த வேண்டும். கால் முன்னால் போகாமல் உடம்புக்கு நேராகவோ சற்றுப் பின்னாலோ இருக்க வேண்டும்.

3. இடுப்பு உயர்த்துதல்: மல்லாந்து படுத்து இரண்டு முட்டியையும் மடக்கி, பாதத்தைத் தரையில் ஊன்றி இடுப்பை மேலே தூக்க வேண்டும்.

4. சுவர் உட்காரல்: முதுகைச் சுவரில் சாய்த்து, பாதியளவு மட்டும் கீழே இறங்கி 20 முதல் 30 விநாடி நிற்க வேண்டும். முழுதாகக் குந்தக் கூடாது. வலித்தால் இறங்கும் அளவைக் குறைக்க வேண்டும்.

5. படி ஏறி இறங்குதல்: வீட்டு வாசலில் உள்ள தாழ்ந்த படி ஒன்றே போதும். மெதுவாக ஏறி, மெதுவாக இறங்க வேண்டும். இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயாமல் கால் விரல்களுக்கு நேராக இருக்கிறதா என்று வீட்டில் யாராவது எதிரே நின்று பார்க்க வேண்டும். முதல் நான்கில் வலி குறைந்த பிறகே இதைத் தொடங்க வேண்டும்.

சுவர் உட்காரலை 5 முறை செய்தால் போதும். மற்றவற்றை 10 முதல் 12 முறை செய்து, சற்று ஓய்வெடுத்து, இப்படி மூன்று சுற்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள். வலிக்காத காலுக்கும் சேர்த்தே செய்ய வேண்டும்.

எவ்வளவு வலி வரை பொறுக்கலாம்? வலிக்கு 0 முதல் 10 வரை மார்க் போடச் சொல்ல வேண்டும். பயிற்சியின்போது 2 அல்லது 3 வரை இருந்தால் பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். மறுநாளும் கூடுதலாக வலித்தால் முந்தைய நாள் செய்தது அதிகம் என்று பொருள். அடுத்த முறை குறைக்க வேண்டும். ஓட்டத்துக்கும் இதே அளவுகோல்தான்.

திரும்ப ஓடுவது எப்படி?

படி இறங்கும்போது வலி நன்றாகக் குறைந்த பிறகு ஓட்டத்தைத் தொடங்கலாம். பலருக்கு இது மூன்றாவது வாரம். சிலருக்கு இன்னும் தாமதமாகலாம்.

- 3, 4-ஆம் வாரம்: 1 நிமிடம் மெல்லோட்டம், 1 நிமிடம் நடை. இப்படி 10 முறை. ஒரு நாள் விட்டு ஒரு நாள்.
- 5, 6-ஆம் வாரம்: 3 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை. இப்படி 5 முறை.
- 7, 8-ஆம் வாரம்: நிற்காமல் 15 முதல் 20 நிமிடம் மெல்லோட்டம்.
- 9, 10-ஆம் வாரம்: வாரம் ஒரு நாள் மட்டும் 400 மீட்டர் வேகச் சுற்றுகள். மற்ற நாள் மெல்லோட்டம்.
- 11, 12-ஆம் வாரம்: ஒரு முறை கடிகாரம் வைத்து 1,500 மீட்டர் ஓடிப் பார்க்கலாம்.

ஒரு கட்டத்தில் வலி கூடினால் முந்தைய கட்டத்துக்குத் திரும்பி ஒரு வாரம் இருக்க வேண்டும். முதலில் பள்ளி மைதானம் போன்ற சமமான மண் தரை நல்லது. கடற்கரைதான் வசதி என்றால் அலை நனைத்துக் கெட்டியான, சரிவு குறைந்த ஈர மணலில் ஓடலாம். தளர்ந்த மணலில் ஓடுவதைக் கடைசிக்குத் தள்ளிப் போடலாம்.

ஓடும் விதத்தில் ஒரு சின்ன மாற்றமும் உதவும். எட்டி எட்டிக் கால் வைத்தால் முட்டிக்கு அழுத்தம் கூடும். அடியைச் சற்றுச் சிறிதாக்கி, வேகமாக எடுத்து வைக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்கு இரண்டு காலுமாக 160 அடி வைப்பவர், அதே வேகத்தில் 168 முதல் 176 அடி வைத்து ஓடப் பழகலாம். இப்படி 5 முதல் 10 சதவீதம் கூட்டினாலே முழங்காலின் சுமை குறைகிறது என்று அளந்து காட்டியிருக்கிறார்கள்.

ஷூவுக்கு ஆயிரக் கணக்கில் செலவழிக்க வேண்டியதில்லை. அடிப்பாகம் ஒரு பக்கமாகத் தேய்ந்த ஷூவை மாற்றினால் போதும். வெறுங்காலில் ஓடிப் பழகியவர் ஒரே நாளில் ஷூவுக்கும், ஷூவில் ஓடியவர் ஒரே நாளில் வெறுங்காலுக்கும் மாறக் கூடாது.

தேவைக்கு மேல் வேகம் வேண்டாம்

எந்தத் தேர்வுக்கு எவ்வளவு வேகம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் பாதிச் சுமை குறையும். 7 நிமிடத்தில் 1,500 மீட்டர் என்றால் 100 மீட்டருக்கு 28 விநாடி. பெண்களுக்கு 400 மீட்டர் 2 நிமிடம் 30 விநாடி என்றால் 100 மீட்டருக்கு 37.5 விநாடி. மத்திய ஆயுதப் படைகளுக்கான காவலர் தேர்வில் ஆண்களுக்கு 24 நிமிடத்தில் 5 கிலோமீட்டர். அதாவது 100 மீட்டருக்கு 29 விநாடிக்குச் சற்றுக் குறைவு, ஆனால் தூரம் அதிகம். ராணுவ ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடுபவருக்கு முழு மதிப்பெண் என்ற முறையில் 100 மீட்டருக்கு 21 விநாடிக்கும் குறைவு. விதிகள் மாறலாம் என்பதால் அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காவலர் தேர்வின் 1,500 மீட்டர் ஓட்டம் தகுதி காண்பதற்குத்தான். 7 நிமிடத்துக்குள் முடித்தால் போதும், 5 நிமிடத்தில் முடித்தால் கூடுதல் மதிப்பெண் கிடையாது. ராணுவத்துக்குத் தயாராகும் நண்பனோடு சேர்ந்து அவன் வேகத்தில் தினமும் ஓடினால், தேவையில்லாத சுமையை முட்டியில் ஏற்றிக்கொள்கிறோம்.

ஊசி போட்டுக்கொண்டு ஓடலாமா?

கூடாது. வலி என்பது சுமை அதிகம் என்று உடம்பு சொல்லும் தகவல். ஊசி அந்தத் தகவலை மட்டும் நிறுத்துகிறது, சுமை அப்படியே இருக்கிறது. மாத்திரை போட்ட மறுநாள் நொண்டுவதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்துகள் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைப் பாதிக்கும். வெயிலில் ஓடி, வியர்த்து, உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது சிறுநீரகத்துக்கு ஆபத்து கூடுகிறது. மாடு வளர்ப்பவர்களுக்கு இந்த மருந்தின் பெயர் தெரிந்திருக்கும். டைக்ளோஃபெனாக் போட்டு இறந்த மாடுகளைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் பழுதாகிக் கூட்டங்கூட்டமாக மடிந்ததால்தான், 2006-இல் இந்தியாவில் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். மனித உடம்பு கழுகின் உடம்பு அல்ல. மருத்துவர் எழுதித் தரும் அளவில், சில நாளைக்குச் சாப்பிடுவதில் தவறில்லை. மெடிக்கலில் தானாக வாங்கி மாதக் கணக்கில் போடுவதுதான் தவறு. இந்த வலிக்கு மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசியும் பொதுவாகத் தேவைப்படுவதில்லை.

தேர்வு நாள் நெருங்கிவிட்டால்?

மூன்று வாரமே இருக்கிறது என்றால் 12 வாரத் திட்டம் முடியாது. அப்போது ஓட்டத்தை வாரம் இரண்டு நாளாகக் குறைத்து, 28 விநாடி வேகத்தைத் தாண்டாமல், மற்ற நாளில் பயிற்சிகளை மட்டும் செய்யலாம். இயன்முறை சிகிச்சையாளர் சில்லை நேராகப் பிடித்து டேப் ஒட்டினால் கொஞ்ச காலத்துக்கு வலி குறையும். வீக்கம் இல்லாமல் வலி 3-க்குள் இருந்தால் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தேர்வில் ஓடலாம். ஒரு நாள் ஓட்டத்தால் முட்டி கெட்டுவிடாது. நொண்டிக்கொண்டு ஓடும் நிலை என்றால் தேறுவதும் கடினம், வலியும் மாதக் கணக்கில் இழுக்கும். காவலர் தேர்வுக்கு 21 வயது கடைசி வயது அல்ல, அடுத்த அறிவிப்பு வரும். இதைப் பிள்ளையிடம் பெற்றோரே சொல்ல வேண்டும். வீட்டின் எதிர்பார்ப்புக்குப் பயந்துதான் பல பிள்ளைகள் வலியை மறைத்து ஊசி போட்டுக்கொள்கிறார்கள்.

வலி வந்து மாதக் கணக்கில் கவனிக்காமல் விட்டவர்களுக்கே அது ஆண்டுக் கணக்கில் நீடிப்பது அதிகம். முதல் மாதத்திலேயே கேட்டது நல்லது.

இந்த ஆண்டு தேர்வு எழுத இருக்கும் மற்ற பிள்ளைகளுக்கு: எழுத்துத் தேர்வு முடிவுக்குக் காத்திராமல், விண்ணப்பம் போட்ட வாரத்திலேயே நடையும் மெல்லோட்டமுமாகத் தொடங்க வேண்டும். படிக்கிற காலத்தில் வாரம் மூன்று நாள், அரை மணி நேரம் போதும். முட்டிக்குப் பழக நாள் கிடைக்கும்.

கேள்வி: '13 வயது மகன் பள்ளியில் ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிறான். சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்துக்கொண்டு வலிக்கிறது. இதுவும் அதே வலியா?'
- வாசகர், திசையன்விளை, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: இல்லை, இது வளரும் வயதில் வரும் வேறு வலியாக இருக்கலாம். சில்லுக்குக் கீழே தொடைத் தசையின் நாண் வந்து சேரும் இடத்தில், 10 முதல் 15 வயது வரை எலும்பு முழுதாக இறுகியிருக்காது. ஓட்டமும் குதிப்பும் அதிகமானால் நாண் அந்த இடத்தை இழுத்து வலியும் புடைப்பும் உண்டாகும். மருத்துவத்தில் இதற்கு ஆஸ்குட் ஷ்லாட்டர் என்று பெயர். வளர்ச்சி முடியும்போது பெரும்பாலும் வலி தானாக நின்றுவிடும், புடைப்பு மட்டும் சிலருக்கு இருந்துவிடும். அதுவரை வலிக்கும் நாளில் ஓட்டத்தைக் குறைத்து, ஐஸ் வைத்து, தொடையின் முன்தசையை நீட்டும் பயிற்சி செய்தால் போதும். புடைப்பை நீவவோ, கட்டு கட்டவோ கூடாது. சிறுவருக்கு இடுப்பிலோ தொடையிலோ சேர்ந்து வலித்தாலும், விந்தி நடந்தாலும், காய்ச்சல் இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இடுப்பு மூட்டின் கோளாறு சிறுவர்களுக்கு முழங்கால் வலியாகவே வெளிப்படுவதுண்டு.

கேள்வி: '46 வயதாகிறது. பனை ஏறுகிறேன். பதநீர்ப் பருவத்தில் சில்லைச் சுற்றி வலிக்கிறது. ஓடுகிற பிள்ளைகளுக்குச் சொல்லும் பயிற்சி எனக்கும் ஆகுமா?'
- வாசகர், உடன்குடி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: ஆகும். பனை ஏறும்போது ஒவ்வொரு பிடிக்கும் முட்டியை ஆழ மடக்கி உடம்பை உந்துகிறோம். காலையும் மாலையும் ஏறினால் சில்லுக்கு ஓட்டத்தைவிடக் குறையாத சுமைதான். சும்மா இருந்த மாதங்களுக்குப் பிறகு முதல் வாரமே எல்லா மரமும் ஏறுவதால் வலி வருகிறது. பாளை வருவதற்கு ஒரு மாதம் முன்பே மேலே சொன்ன பயிற்சிகளைத் தொடங்கி, முதல் வாரம் சில மரம் மட்டும் ஏறிப் பிறகு கூட்டிக்கொண்டே போகலாம்.

ஆனால் 45 வயதுக்கு மேல் மூட்டுத் தேய்மானமும் சேர்ந்திருக்கலாம். காலையில் எழுந்ததும் சில நிமிடம் முட்டி இறுகியிருப்பது, மடக்கும்போது கரகரவென்று உணர்வது, அடிக்கடி வீங்குவது அதன் அடையாளங்கள். ஒரு முறை மருத்துவரிடம் காட்டித் தெரிந்துகொள்வது நல்லது. தேய்மானம் என்றாலும் தொடைக்கு வலுவூட்டுவதே முதல் சிகிச்சை. முட்டி நழுவும் உணர்வு இருந்தால் மட்டும் அது சரியாகும்வரை மரம் ஏறவே கூடாது. தரையில் நழுவினால் விழுந்து எழலாம், பனை உச்சியில் அப்படியில்லை. மரம் ஏறும் கருவிக்கு மானியம் உண்டா என்று வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.